ஏழாவது பங்கு

கிண்ணியாவில் ஹஸ்மியை நம்பாதவர் இல்லை. புகழ்ச்சிக்காகச் சொல்வதல்ல. பின்னால் நடந்ததெல்லாம் அந்த நம்பிக்கையால் வந்த வினை. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பாலத்துக்குக் கிட்ட, மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை அவனுடையது. போன், டீவி, கேம் பெட்டி எல்லாம் திருத்துவான். திருத்த முடியாத சாமானை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், திறந்து பார்த்ததற்குக் கூலி வாங்க மாட்டான். திருத்தக் கொடுத்த போனில் இருக்கும் படங்களை அவன் தட்டிப் பார்ப்பதில்லை என்று பெண்கள்கூட நம்பினார்கள். சின்ன ஊரில் அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

சுனாமி வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. கடல் திரும்பிப் போன பிறகு சனம் ரேடியோவையும் டெக்கையும் வேலியில் காயப்போட்டிருந்தது. உயிரோடு இருப்பவர்களை எண்ணி முடிக்காத நேரத்தில் ரேடியோ எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செய்தி கேட்க வேண்டியிருந்தது. ஹஸ்மி ஒரு பழைய பல் பிரஷையும் அரைப் போத்தல் தின்னரையும் வைத்துக்கொண்டு முகாமில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி உப்பைச் சுரண்டினான். பத்தில் மூன்று பேசின. அதோடு படிப்பு போயிற்று, தொழில் வந்தது.

கல்யாணம் முடித்த வருடத்தில் கேம் சீடி வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினான். மனைவி ஹுஸ்னியா கொண்டுவந்த அலுமாரியில் சேலை இருந்த தட்டுகளைக்கூட சீடி பிடித்துக்கொண்டது. அவள் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரலை வீட்டிலும் அப்படியே பாவிப்பாள். "உங்கட சீடியெல்லாம் புள்ளப்பெத்து பேரப்புள்ளயும் கண்டிட்டு, நான்தான் உடுப்ப சாக்கில போட்டு வெச்சிரிக்கன்" என்பாள். கிண்ணியாப் பொடியன்கள், மூதூர்ப் பொடியன்கள் எல்லாருக்கும் அந்த அலுமாரிதான். ஒரு சீடி பத்து வீடு சுற்றி வந்தால் அதன் முதுகு மீன் வெட்டும் பலகை மாதிரி ஆகிவிடும். ஹஸ்மி அதைக் கழுவித் துடைத்து, உறையில் பெயர் எழுதித் திரும்பவும் அடுக்குவான். அடுக்கியது எல்லாம் அவனுடையது. செய்த கம்பெனி நாளைக்கே இழுத்து மூடிக்கொண்டு போனாலும் அலுமாரியில் இருப்பது அலுமாரியில் இருக்கும். அதன் அருமை அப்போது அவனுக்கு விளங்கவில்லை. கையில் இருக்கும்போது எவனுக்குத்தான் விளங்கியது.

பிறகு சீடி போடும் வாயே இல்லாத பெட்டி வந்தது. அதற்குப் பிறகு பெட்டியே வேண்டாம் என்று வந்தது. டீவியும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் இருந்தால் போதும். கேம் எங்கேயோ ஒரு நாட்டில் ஓடும், படம் மட்டும் லைனில் வீட்டுக்கு வரும். மாதாமாதம் காசு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். முந்நூறு கேம் இருக்கிறது என்றார்கள். முந்நூறில் ஒன்றாவது உன்னுடையதா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் யார் கேட்டது? ஹஸ்மி கேட்கவில்லை. அலுமாரிச் சீடிகளைத் திருகோணமலை டவுனில் ஒருவனுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஹுஸ்னியாவுக்குத் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு வீட்டுக்குத் தனியாக அந்த மாதக் காசு பாரம். அதற்கு ஹஸ்மி கண்டுபிடித்த வழி வேறு ஊரில் யாருக்கும் தோன்றியிராது. கிண்ணியாவில் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு மாட்டை ஏழு பேர் சேர்ந்து குர்பான் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஈரலில்கூட ஏழு துண்டு விழும். ஹஸ்மியின் வாப்பா பங்கு வைப்பதில் பேர் போனவர். ஒருவருக்கு எலும்பு கூடிவிட்டது, இன்னொருவருக்குக் கொழுப்பு கூடிவிட்டது என்று அவர் காலத்தில் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. மகனும் அதே கையால் பங்கு வைத்தான்: ஒரு கணக்கு, ஏழு வீடு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம் என்பது கம்பெனியின் விதி. அதற்கென்ன, சுபஹுக்குப் பிறகு ஒரு வீடு, லுஹருக்கு முன் ஒரு வீடு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு வீடு என்று முறை வைத்தான். தொழுகை நேரம் தெரிந்த ஊரில் முறைக்காகச் சண்டை வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கம்பெனியின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. பட்டியலில் இல்லை என்பதற்காக நம் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? எல்லாரும் செய்வதைத்தான் ஹஸ்மியும் செய்தான். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றின் விலாசத்தை எடுத்து எழுதினான். பெயர் மைக்கல் என்று போட்டான். பிறந்த திகதி ஜனவரி ஒன்று. அந்த மைக்கலின் பெயரில் கிண்ணியா வீடுகள் கூட்டுச் சேர்ந்தன. மாடு யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு வீடு சேர்ந்தது. ஏழாவது பங்கு காலியாகக் கிடந்தது.

அந்த நாட்களில்தான் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி ஊரிலிருந்து முஹம்மது தம்பி ஒரு கேம் பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். களப்பில் நண்டு, இறால் பிடிக்கிற மனிதர், அறுபதை நெருங்கியவர். இடது முழங்காலில் பழைய காயம், காலை இழுத்துத்தான் நடப்பார். அவருடைய ஒரே மகன் நஸ்ரி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தபோது டெங்குக் காய்ச்சலில் நாலாம் நாள் மௌத்தானான். பெறுபேறு வந்தபோது பார்க்க அவன் இல்லை. மூன்று பாடத்திலும் சித்தியடைந்திருந்தான்.

பெட்டி நஸ்ரியுடையது. அதில் ஒரு உதைபந்தாட்ட கேம் இருந்தது. அந்தக் கேமில் நஸ்ரி 'குறிஞ்சாக்கேணி' என்று ஒரு அணி கட்டியிருந்தான். விளையாடுபவர்களுக்கெல்லாம் சொந்தக்காரர், அயலவர் பெயர்கள். மகன் போய் நாற்பது நாள் கழிந்த பிறகு முஹம்மது தம்பி அந்தக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். வலை முடிச்சுப் போட்டுத் தடித்த விரல்கள் அவை. எந்தப் பொத்தான் எதற்கு என்று பழகவே இரண்டு மாதம் சென்றது. வெல்வதற்காக விளையாடவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து ஒரு ஆட்டம், அவ்வளவுதான். அவருடைய மனைவி ரபீக்கா அந்த நேரத்தில் குசினி அடுப்பை விட்டு வெளியே வரமாட்டாள்.

"பெட்டி இரைச்சல் போடுது மகன். நெல்லுக் குத்துற மில் மாதிரி" என்றார் முஹம்மது தம்பி. "இதும் சாகப் போகுதா?"

ஹஸ்மி மூடியைக் கழற்றினான். காற்றாடியில் தூசும் எறும்பும் அடைத்திருந்தன. அரை மணித்தியால வேலை. அதை அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலியாகக் கிடந்த பங்கு அவன் மனதில் நின்றது.

"பெட்டி எண்டா ஒருநாளைக்குச் சாகும் மாமா. இதில இரிக்கிறதயெல்லாம் லைனில மேல ஏத்திட்டா சாவே இல்ல. நெருப்புப் பிடிச்சாலும் கடல் வந்தாலும் ஒண்டும் ஆகாது. உங்கட டீவி போதும், நம்மட கூட்டில சேருங்க."

"நஸ்ரிட ஆக்கள் எல்லாரும் மேல போவாங்களா?"

"ஓம் மாமா. ஒராளும் விடுபட மாட்டாங்க."

"நீ சொன்னாச் சரி."

ஹஸ்மி பொய் சொல்லவில்லை. சொன்னதை அவனும் நம்பினான், அதுதான் கேடு. அணி பதிந்திருந்த நஸ்ரியின் கேம் சேமிப்பை மைக்கலின் கணக்கோடு இணைத்து மேலே ஏற்றினான். முஹம்மது தம்பியின் வீட்டு டீவியில் அணி வந்துவிட்டதா என்று அவரிடமே கேட்டு உறுதிப்படுத்தினான். அஸருக்குப் பிறகான முறையை அவருக்கே ஒதுக்கினான். பிறகு, இனி வேண்டாம் என்று அவர் கடையிலேயே விட்டுவிட்ட பெட்டிக்குள் இருந்ததைத் துப்புரவாக அழித்து, காற்றாடியைச் சுத்தம் செய்து, பெட்டியை உள்ளே கிடந்த சீடியோடு சேர்த்து சாம்பல்தீவில் இருக்கும் சுகிர்தன் என்பவருக்கு விற்றான். அரை மணித்தியாலம்கூடச் செல்லவில்லை.

பதினாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஹஸ்மி மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. ஒரே கணக்கைப் பல வீடுகளிலிருந்து பாவித்ததாலும், தந்த விபரங்கள் உண்மைக்கு மாறாக இருப்பதாலும் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அதில் இருந்த சேமிப்புகளும் நீக்கப்பட்டன. மூடப் போகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. மூடியாயிற்று என்ற செய்திதான்.

சோறு காய்ந்தது. ஹஸ்மி மறுமெயில் போட்டான். ஆட்சேபனை இருந்தால் கணக்குக்குரியவரின் அடையாள ஆவணத்தை அனுப்பும்படி பதில் வந்தது. மைக்கலின் அடையாள அட்டைக்கு எங்கே போவது? உண்மையை எழுதினான். தெரிந்த ஆங்கிலத்தில், இறந்துபோன ஒரு பிள்ளையின் அணி அதில் இருக்கிறது, அதை மட்டுமாவது ஒரு கோப்பாகத் தாருங்கள், மற்றதெல்லாம் வேண்டாம் என்று கெஞ்சி எழுதினான். மூன்று நாளைக்குப் பிறகு வந்த பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்; கேம்கள் வாடிக்கையாளருக்கு விற்கப்படுவதில்லை, பாவிக்கும் அனுமதி மட்டுமே வழங்கப்படுகிறது; நீக்கியதை மீட்டுத்தர எங்களிடம் வசதி இல்லை. கீழே, எங்கள் சேவையை எத்தனை நட்சத்திரத்தால் மதிப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

"ஏசிப் பிரயோசனமில்ல" என்றாள் ஹுஸ்னியா. "பூமியில இல்லாத மைக்கல்ட பேர்ல ஊராக்கள்ட சாமான வெச்சா, இப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

ஹஸ்மி மெயிலை மேலே தள்ளித் திரும்பவும் வாசித்தான்.

"மத்த ஆறு வீட்டுக்கும் சொல்லிட்டீங்க. மாமாக்கு எப்ப சொல்லப் போறீங்க?"

"வழி இரிக்கா எண்டு பாத்திட்டுச் சொல்றன்."

"அது அமானிதம், நம்பித் தந்த சாமான். போனா போச்சு எண்டு போய்ச் சொல்லோணும். பாத்திட்டுச் சொல்ற விசயமில்ல."

ஆறு வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய இழப்பில்லை. ஒருவன் கொஞ்சம் சத்தம் போட்டான், மற்றவர்கள் வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொண்டார்கள். முஹம்மது தம்பியிடம் மட்டும் ஹஸ்மி லைனில் கோளாறு என்று சொன்னான். வாயில் வந்த முதல் சொல் அது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து முஹம்மது தம்பி ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து, அந்தக் காலோடு. ஹஸ்மி கதிரையைத் துடைத்துப் போடுவான், பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொல்வான்.

"லைன் வந்திட்டா மகன்?"

"இன்னும் இல்ல மாமா. கொழும்பில திருத்துறாங்க."

"ஆறுதலாப் பாருங்க எண்டு சொல்லு. அவசரமில்ல."

தேநீரைக் குடித்துவிட்டு மஃரிபுக்கு முன் எழுந்து போவார். கோபப்பட்டிருந்தால் ஹஸ்மிக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் ஒருநாளும் கோபப்படவில்லை. கொழும்பில் இருக்கும் அந்த முகம் தெரியாத திருத்துநர்களுக்காகக் கவலைப்பட்டார். இந்த மழையில் கம்பத்தில் ஏறி நிற்க அவர்களுக்கும் கஷ்டம்தானே என்றார்.

இரண்டாம் கிழமை முடிவில் ஹஸ்மி சாம்பல்தீவுக்குப் போனான். பஸ்ஸில் துறைமுகத்தைக் கடக்கும்போது வெளியே ஒரு சீமெந்துக் கப்பல் நின்றது. அவன் கண் அதில் இருந்தது, மனம் சுகிர்தனுக்கு விற்ற பெட்டியின் உள்ளே இருக்கும் டிஸ்கில் இருந்தது. அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள் மூன்றைத் தரவிறக்கி வைத்திருந்தான். போனில் அழிந்த கல்யாணப் படங்களை மீட்டுக் கொடுத்த கை அது. இதுவும் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுகிர்தன் நல்ல மனிதர். மீன்பிடிச் சங்கத்தில் எழுதுவினைஞர். விறாந்தையில் இருத்திக் கதையைக் கேட்டார்.

"நீங்கள்தானே துடைச்சுத் தந்தனீங்கள்? உள்ளுக்குப் பழைய ஆளின்ர ஒண்டும் இல்லை, புதுப்பெட்டி மாதிரி எண்டு சொன்னீங்கள்."

"ஓம். நான்தான் துடைச்சனான்."

"நீங்கள் வடிவாத் துடைக்கிற ஆள் எண்டு கேள்விப்பட்டுத்தான் வாங்கினனான்" என்றார் சுகிர்தன். குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

பெட்டியை இரவலாகக் கொடுத்தார். சீடியும் அதற்குள்ளேயே இருந்தது. "பிள்ளையளுக்குச் சோதினை முடிய முந்தித் தந்தால் காணும்" என்று மட்டும் சொன்னார். ஹஸ்மி கடையில் வைத்து நாலு நாள் போராடினான். டிஸ்கில் இருந்ததெல்லாம் பூட்டுப்போட்ட எழுத்து. அழித்த அன்றே அதன் சாவியும் அழிந்துவிட்டது. மேலே சுகிர்தனின் பிள்ளைகளுடைய காரோட்டப் போட்டிகள் பதிந்து கிடந்தன. சுனாமியில் உப்புக் குடித்த ரேடியோவைப் பேசவைத்த கைக்கு இதில் சுரண்டக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அவன் மேசையில் தலையை வைத்து அழுதான். தையல் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுந்து குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டியும் அதே கேமின் சீடியும் கையில் இருந்தன. கை சும்மா இருக்கவில்லை.

நஸ்ரியின் முகநூல் பக்கம் இன்னும் இருந்தது. அதில் அவன் தன் அணியின் படம் ஒன்றைப் போட்டிருந்தான், பெயர்களோடு. பச்சை மைதானத்தில் பதினொரு வட்டங்கள். கோல் காப்பவர் கலீலுர் றஹ்மான், நஸ்ரியின் தாய்மாமன். பின்வரிசையில் றுவைஸ், ஸப்வான் என்று ஒன்றுவிட்ட சகோதரர்கள். பத்துப் பெயர்கள் தெளிவாக இருந்தன. முன்னால் நின்று கோல் அடிக்கும் ஒன்பதாம் இலக்கத்தின் பெயர் மட்டும் தெரியவில்லை. அதன்மேல் நஸ்ரி ஒரு சிரிக்கும் முகத்தை ஒட்டியிருந்தான். ஹஸ்மி அந்த அணியை ஒருநாளும் நிதானமாகப் பார்த்ததில்லை, ஒரு கோப்பாகத்தான் கையாண்டவன். ஒன்பதாம் இலக்கம் யாராக இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எந்தப் பொடியன் தன் அணியில் தன்னைக் கோல் அடிக்கப் போடாமல் விடுவான்? நஸ்ரி என்று எழுதினான்.

பிறகு ஒரு கிழமை முழுவதும், முஹம்மது தம்பி வரும் அஸர் நேரம் தவிர, கடைக் கதவைப் பாதி இறக்கிவைத்து அந்த அணியைக் கட்டினான். சட்டையின் நீலம், முகங்கள், தாடி, உயரம். நஸ்ரியின் முகத்துக்கு மட்டும் ஒரு முழுநாள் எடுத்தான். கன்னத்து எலும்பை ஏற்றி இறக்கி, கண்ணை ஒடுக்கி, முடியைச் சரித்து, முகநூல் படத்தோடு ஒத்துப் பார்த்து, கடைசியில் நஸ்ரிதான் என்று தோன்றியபோதுதான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஹுஸ்னியா சோறு கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இது பாவம்" என்றாள்.

"அவருக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாட்டி இன்னும் பாவம்." அவள் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

மெயில் வந்து இருபத்தாறாம் நாள், அஸருக்குப் பிறகு முஹம்மது தம்பி கடைக்கு வந்ததும், ஹஸ்மி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு குறிஞ்சாக்கேணிக்குப் போனான். லைனை இனி நம்ப ஏலாது, பழையபடி பெட்டியிலேயே போட்டுத் தாறன் மாமா, இனி இது உங்கட வீட்டிலயே இரிக்கும் என்றான். சுகிர்தனுக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்திருந்தான். முஹம்மது தம்பியின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ரபீக்கா தேநீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். முஹம்மது தம்பி கையைக் கழுவித் துடைத்து, கதிரையை டீவிக்குக் கிட்ட இழுத்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. நீலச் சட்டைகள் ஓடின. றுவைஸ் பந்தைத் தட்டிக் கொடுக்க, ஒன்பதாம் இலக்கம் அதை வாங்கிக்கொண்டு பறந்தான். திரை அவனைக் கிட்டக் காட்டியது. நஸ்ரி.

முஹம்மது தம்பியின் பெருவிரல்கள் நின்றன.

பிறகு மெதுவாகத் திரும்பவும் அசைந்தன. மற்ற யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. நஸ்ரியையே ஓட வைத்தார். எல்லைக் கோடு வரை, திரும்பி, மறுபடி மறுகோடு வரை. எதிரணி பந்தைப் பறித்த பிறகும் அவனைச் சும்மா ஓட வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கோல் வாங்கினார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஹஸ்மிக்குப் பாரம் இறங்கியது. அவருக்குப் பிடித்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னான். பாதி ஆட்டம் முடிந்து விசில் அடித்தது.

"நஸ்ரி ஓடுறான்" என்றார் முஹம்மது தம்பி.

"ஓம் மாமா."

"நான் எங்க?"

ஹஸ்மிக்கு விளங்கவில்லை.

"ஒம்பது நான்" என்றார். "அவன் என்னத்தான் அதில வெச்சிருந்தான். இந்த ஊரிலயே ஆகவும் வேகமா ஓடுற ஆள் வாப்பாதான் எண்டு சொல்லி, வேகமெல்லாம் கூட்டி வெச்சவன். எனக்கு வெக்கம், ஆக்களுக்குக் காட்டாத எண்டு சொன்னனான். அவன் வெளியில, மாத்து ஆக்கள் இரிக்கிற வாங்குப் பலகையில இருப்பான். வாப்பா களைச்சா நான் இறங்குறன் எண்டு சொல்லுவான்." கன்ட்ரோலரை மடியில் வைத்தார். "ஒருநாளும் நான் அவன இறக்கல்ல மகன். நான் ஓடுறத அவன் பாத்துக்கிட்டு இரிக்கட்டும் எண்டு விட்டனான்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

ஹஸ்மி சொன்னான். மைக்கல், ஹோட்டல் விலாசம், மெயில், காற்றாடியில் இருந்த எறும்பு, அரை மணித்தியாலம், எல்லாவற்றையும் சொன்னான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடிந்த பிறகு முஹம்மது தம்பி கேட்டார்.

"எப்ப போனது?"

"இண்டைக்கு இருவத்தாறு நாள்."

"இருவத்தாறு நாளும் நான் கடைக்கு வந்தனான்."

"ஓம்."

"நீ கதிரை போட்டாய். தேத்தண்ணி தந்தாய்."

"ஓம் மாமா."

"மௌத்துச் செய்தி எண்டா அண்டைக்கே வந்து சொல்லோணும்" என்றார். குரல் உயரவில்லை. "நான் ஒருக்கா அடக்கினவன். இன்னொருக்காவும் அடக்கியிருப்பன். அது எனக்குத் தெரியும். நீ என்ட புள்ளய எழுப்பிக் கொண்டுவந்து ஓட விட்டிட்டாய்."

"மாமா, நான் சரியா மாத்தித் தாறன். உங்கள ஒம்பதில போட்டு, நஸ்ரிய வாங்கில வெச்சு, அப்பிடியே—"

"அழி."

"மாமா—"

"இத இப்ப அழி. நான் பாக்கோணும்."

ஹஸ்மி கன்ட்ரோலரை எடுத்தான். பட்டியலைத் திறந்து, அணியைத் தேடி, அழிக்கும் இடத்துக்குப் போனான். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்குது?"

"அழிச்சாத் திரும்பக் கிடைக்காது, அழிக்கட்டா எண்டு கேக்குது."

முஹம்மது தம்பி அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதாவது கேக்குது" என்றார்.

ஹஸ்மி விரலை வைத்தான். கட்டத்துக்குப் பின்னால் நஸ்ரியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு முழுநாள் எடுத்துச் செய்த முகம். அழுத்தினான். திரை வெறும் பட்டியலுக்குத் திரும்பியது.

மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. முஹம்மது தம்பி கதிரைக் கையைப் பிடித்து எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அந்த வீட்டில் தொழுகை நேரத்துக்கு யார் இருந்தாலும் வா மகன் போவம் என்று கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். அன்றைக்கு ஹஸ்மியைக் கூப்பிடவில்லை. காலை இழுத்துக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு நடந்தார்.